அலெக்சாண்டர் முகம் என்று விற்கப்பட்ட பச்சைக் காசு

கேள்வி இதுதான். நாணயக் கண்காட்சி ஒன்றில் 3,000 ரூபாய் கொடுத்து ஒரு பச்சைக் காசு வாங்கியிருக்கிறீர்கள். குறுக்களவு 18 மில்லிமீட்டர், எடை 6.1 கிராம். ஒரு பக்கம் சிங்கத் தோல் போர்த்த தலை. மறுபக்கம் தடி மாதிரி ஒன்று, பை மாதிரி ஒன்று, நடுவில் தேய்ந்த எழுத்துகள். "அலெக்சாண்டரின் முகம்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். இது அசலா, எந்தக் காசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது, இதுபோன்ற பழங்கால கிரேக்க வெண்கலக் காசுகளைச் சேர்க்க எங்கே தொடங்குவது, புளி போட்டுத் துலக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தயவுசெய்து வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி. 2,300 வருடம் மண்ணுக்குள் கிடந்த காசுக்கு அது எமன். செம்பில் ஏறிய களிம்பை ஆணவ மலத்துக்கு உவமையாகச் சொல்வது சைவ சித்தாந்த வழக்கம். காசு சேர்ப்பவர்கள் அந்த விஷயத்தில் நேர் எதிர்க்கட்சி. இங்கே களிம்புதான் சொத்து. அரித்துப்போன உலோகத்தின் மேல் பழைய உருவம் இன்னும் நிற்பது பெரும்பாலும் அந்தப் பச்சைப் படலத்தில்தான். அதைக் கரைத்தால் கீழே அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி செம்பு தெரியும், முகம் போய்விடும். என் முதல் காசை நான் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கொன்றேன். பளபளவென்று வந்தது. யாருடைய காசு என்று இன்றுவரை தெரியாது.

அடுத்தது, அது அலெக்சாண்டரின் முகம் இல்லை. சிங்கத் தோலைத் தலைக்கவசமாக அணிந்திருப்பவர் ஹெராக்கிளிஸ். நெமியா என்ற இடத்துச் சிங்கத்தைக் கொன்று அதன் தோலைப் போர்த்திக்கொண்ட வீரன். மாசிடோனிய அரச குடும்பம் தன்னை ஹெராக்கிளிஸ் வழிவந்ததாகச் சொல்லிக்கொண்டது, அதனால் அந்தத் தலை. முகத்தில் அலெக்சாண்டரின் சாயலும் கலந்திருக்கிறது என்று வாதிடுவோர் உண்டு, ஆனால் "அலெக்சாண்டர் உருவப்படம்" என்று விற்பது வியாபாரம். மறுபக்கத்துத் தடி ஹெராக்கிளிஸின் கதாயுதம். பை என்று நீங்கள் சொல்வது அம்பெய்யும் வில்லை வைக்கும் உறை. இரண்டுக்கும் நடுவில் ஓடும் எழுத்து, தேயாமல் இருந்தால், "அலெக்சாந்த்ரூ" என்று இருக்கும். அளவும் எடையும் இந்த வகைக்குச் சரியாகப் பொருந்துகின்றன. ஆக, நீங்கள் சொன்ன விவரங்களின்படி இது அலெக்சாண்டர் பெயரில் மாசிடோனியாவிலோ அவருடைய ஆட்சிப் பகுதியில் வேறெங்கோ அடித்த வெண்கலக் காசு. கி.மு. 323இல் அவர் இறந்த பிறகும் அவர் பெயரிலேயே தொடர்ந்து அடித்தார்கள் என்பதால், "அவர் உயிரோடு இருந்தபோது வந்தது" என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தயங்குங்கள்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதுதான் உங்களுக்கு உதவும். கவனித்தீர்களா, தலையை வைத்து நான் எதையும் முடிவு செய்யவில்லை. இதே சிங்கத்தோல் தலையை, அலெக்சாண்டருக்குப் பின் மாசிடோனியாவைப் பிடித்த கசாண்டரும் போட்டார். அவருடைய காசின் பின்பக்கம் ஒரு குதிரைவீரன். புதிதாக வருபவர்கள் எல்லோரும் முகத்தைப் பார்த்துத் தேட ஆரம்பிக்கிறார்கள், அங்கேதான் வழி தவறுகிறது. தாடி வைத்த தலை என்றால் கிரேக்கத் தெய்வங்களில் ஜீயஸா, பொசைடனா, அஸ்கிலீப்பியஸா, தேய்ந்த காசில் யாரால் சொல்ல முடியும்? தலைக்கவசம் போட்ட பெண் தெய்வம் அதீனா நூற்றுக்கணக்கான ஊர்களின் காசில் இருக்கிறாள். எனவே பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஊர் அங்கேதான் கையெழுத்துப் போட்டிருக்கும்.

ஏன் அப்படி என்பதற்கு, வெண்கலக் காசு எதற்காக அடிக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளிக் காசின் மதிப்பு அதன் வெள்ளியில் இருந்தது, எந்த ஊரிலும் எடை போட்டு வாங்குவார்கள். ஆனால் வெள்ளியில் சில்லறை செய்வது கொடுமை. ஏதென்ஸில் ஆறு ஓபோல் ஒரு திராக்மா. ஒரு ஓபோல் முக்கால் கிராமுக்கும் குறைவு. அதில் கால்வாசிக்குக்கூட வெள்ளிக் காசு அடித்தார்கள், மீன் செதில் மாதிரி இருக்கும், கீழே விழுந்தால் தேட முடியாது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலியிலும் தென் இத்தாலியிலும் வெண்கலச் சில்லறை வர ஆரம்பித்து, அடுத்த நூற்றாண்டில் கிரேக்க உலகம் முழுக்கப் பரவியது. ஏதென்ஸில் எட்டு கால்கூஸ் சேர்ந்தால் ஒரு ஓபோல் என்று கணக்கு. கால்கூஸ் என்றால் செம்பாலானது, அவ்வளவுதான். வெண்கலக் காசு வேண்டும் என்று ஏதென்ஸுக்கு யோசனை சொன்ன டயோனிசியஸ் என்ற கவிஞருக்குக் "கால்கூஸ்" என்றே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. காசை வாயில் அதக்கிக்கொண்டு சந்தைக்குப் போவது அந்தக் காலத்து ஏதென்ஸ் வழக்கம். அரிஸ்டோஃபனீஸின் நாடகம் ஒன்றில் ஒருவன் திராட்சை விற்று வாய் நிறையச் செப்புக்காசோடு மாவு வாங்கப் போகிறான். பையை நீட்டும் நேரத்தில், இனி செப்புக்காசு செல்லாது என்று முரசறைவோன் கத்துகிறான். 2016 நவம்பரில் வங்கி வாசலில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

இந்தச் செல்லாது, செல்லும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வெண்கலக் காசின் மதிப்பு உலோகத்தில் இல்லை, ஊரின் சொல்லில் இருந்தது. அதனால் ஊருக்கு வெளியே அதற்குப் பெரும்பாலும் மதிப்பில்லை. டார்டனெல்ஸ் நீரிணைக் கரையில் செஸ்டோஸ் என்ற ஊரில் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. மேனாஸ் என்பவரைப் பாராட்டும் கல்வெட்டு அது. ஊர் தனக்கென்று வெண்கலக் காசு அடிக்க முடிவு செய்தது எதற்காக என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள்: ஊரின் முத்திரை புழக்கத்தில் இருக்கட்டும், காசடிப்பதில் வரும் லாபம் மக்களுக்குச் சேரட்டும். பெருமை ஒன்று, லாபம் ஒன்று. நான் படித்தவற்றில் இவ்வளவு ஒளிவுமறைவில்லாத அரசாணை வேறில்லை.

பெருமைக்காக அடித்ததால் ஊர் தன் அடையாளத்தைப் பளிச்சென்று போட்டுக்கொண்டது. பல ஊர்கள் பெயரை வைத்தே சிலேடை செய்தன. ரோட்ஸ் தீவின் காசில் ரோஜா, ஏனென்றால் கிரேக்கத்தில் ரோஜாவுக்கு ரோடோன். சிடே நகரக் காசில் மாதுளை, சிடே என்றாலே மாதுளைதான். சிலேடை இல்லாத சின்னங்களும் உண்டு: எபேசஸ் காசில் தேனீ. தெஸ்ஸலியின் லரிசா காசில் குதிரை. சிராகூஸ் காசில் டால்ஃபின். வெட்டுக்கிளியா, திராட்சைக் கொத்தா, ஒற்றைக் கைப்பிடிக் கோப்பையா என்று பார்த்து, அதற்குப் பிறகு எழுத்துக்குப் போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

எழுத்தைப் பொறுத்தவரை கிரேக்க மொழி தெரிய வேண்டியதில்லை, 24 எழுத்தின் வடிவம் தெரிந்தால் போதும், ஒரு மாலை நேரம் ஆகும். ஆங்கில எழுத்தாக எண்ணிப் படித்து ஏமாறுவதுதான் வழக்கமான தவறு. ஆங்கிலப் 'பி' போல இருப்பது கிரேக்கத்தில் ர. ரோட்ஸ் காசில் அதற்குப் பக்கத்தில் ஒரு வட்டம் இருப்பதைப் பார்த்துப் "போ" என்று ஊர் தேடியவர்களை எனக்குத் தெரியும். ஆங்கில 'எச்' போல இருப்பது நெடில் ஏ.

இலக்கணத்தில் ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும், நம் ஆறாம் வேற்றுமை. கிரேக்கக் காசு பெயரைச் சொல்லாது, "இன்னாருடையது" என்று சொல்லும். ஊர்க் காசு என்றால் பெயர் பெரும்பாலும் "ஓன்" என்று முடியும்: சிராகோசியோன், அதாவது சிராகூசையருடையது. அரசன் காசு என்றால் பல சமயம் "பசிலெயோஸ்" என்ற சொல் இருக்கும், அரசனுடையது என்று பொருள். பக்கத்தில் அவர் பெயர் இருக்கும். இடம் பற்றாத சின்னக் காசில் முதல் இரண்டு மூன்று எழுத்தோடு நிறுத்திவிடுவார்கள். எழுத்துகளைப் பின்னிச் சின்னமாக்கியிருந்தால் அது பெரும்பாலும் காசடிப்புக்குப் பொறுப்பான அதிகாரியின் பெயர், ஊர்ப்பெயர் என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். காலத்துக்கும் ஒரு துப்பு இருக்கிறது. ஸ என்ற எழுத்து நான்கு கோடுகளாக மடங்கியிருந்தால் பழையது, பிறை மாதிரி வளைந்திருந்தால் அனேகமாகப் பிந்தையது, ரோமானியர் காலத்தை ஒட்டியதாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்கலாம்.

படிப்பதற்கு வெளிச்சம்தான் முக்கியம். மேலிருந்து விளக்கடித்தால் ஒன்றும் தெரியாது. அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு விளக்கைக் காசின் மட்டத்துக்குப் பக்கவாட்டில் வைத்து, காசை மெதுவாகச் சுற்றுங்கள். இல்லாத எழுத்து எழுந்து வரும். அப்புறம் ஒப்பிடுவதற்கு அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் இலவச இணையத் தொகுப்புகள் இருக்கின்றன. மாசிடோனிய அரசர்களுக்குப் 'பெல்லா', அலெக்சாண்டருக்குப் பின் மேற்கு ஆசியாவை ஆண்ட செலூக்கியருக்கும் எகிப்தை ஆண்ட டாலமிகளுக்கும் தனித்தனியாக உண்டு. ஊர்க் காசுகளுக்கு 'வைல்ட்விண்ட்ஸ்' பக்கமும் பழைய ஏலப் பதிவுகளும் கைகொடுக்கும்.

எடை பற்றி ஒரு வார்த்தை. கிராமில் இரண்டு தசம இடம் காட்டும் சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதைக் கும்பிடாதீர்கள். வெள்ளிக் காசில் அரை கிராம் குறைந்தால் சந்தேகப்படலாம். வெண்கலத்தில் ஒவ்வொரு காசையும் யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை, இவ்வளவு உலோகத்துக்கு இத்தனை காசு என்று வார்த்தார்கள். உங்கள் வகையிலேயே 5 கிராமும் வரும், 7 கிராமும் வரும். எடை உதவுவது, இது முழுக் காசா, அரையா, காலா என்று பிரிக்கத்தான். விதிவிலக்காகத் தராசே போதும் என்ற காசும் உண்டு. எகிப்தின் இரண்டாம் டாலமி காலத்தில் தொடங்கிய பெரிய வெண்கலம் 47, 48 மில்லிமீட்டர் அகலம், 90 கிராமுக்கு மேல் கனம். முன்பக்கம் ஆட்டுக்கொம்பு வைத்த ஜீயஸ் அம்மோன், பின்பக்கம் இடியாயுதத்தின் மேல் கழுகு. கையில் எடுத்தால் தராசுப் படிக்கல்லை எடுத்த மாதிரி இருக்கும். அதன் நடுவில் இரண்டு பக்கமும் ஒரு சிறு குழி இருப்பதைப் பார்த்து யாரோ ஆணி அடித்துக் கெடுத்துவிட்டதாக நினைக்காதீர்கள். டாலமி காசுகளிலும் சில செலூக்கியக் காசுகளிலும் அந்தக் குழி இயல்பு. அடிப்பதற்கு முன் வெற்று உலோக வில்லையின் பரப்பை மட்டம் செய்யும் வேலையோடு சேர்ந்தது என்பது பரவலான கருத்து.

இனி அசலா போலியா. சாதாரண கிரேக்க வெண்கலக் காசுகள் வெளிநாட்டு ஏலங்களில் ஏறக்குறைய 20 முதல் 60 டாலருக்குள் போகின்றன. இந்த விலைக்குப் போலி செய்வதில் லாபம் குறைவு என்பது ஒரு பாதுகாப்பு, முழுப் பாதுகாப்பு இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்காக வார்த்த போலிகள் நிறைய இருக்கின்றன. முதலில் விளிம்பைப் பாருங்கள். காசைச் சுற்றி நடுவில் மெல்லிய கோடு ஓடினால், அல்லது அந்தக் கோட்டை அரம் போட்டு அழித்த தடம் இருந்தால், அது இரண்டு பாதி அச்சில் வார்த்தது. இங்கே ஒரு குழப்பம் வரும். அசல் காசிலும் வில்லையை வார்த்துத்தான் செய்தார்கள், வரிசையாகக் கோத்த மாதிரி வார்த்துப் பிறகு வெட்டினார்கள். அதனால் எதிரெதிர் இரண்டு இடத்தில் வெட்டிய மூளி இருந்தால் அது நல்ல அறிகுறி. சுற்றிலும் ஓடும் கோடுதான் கெட்டது. அப்புறம் 10 மடங்கு உருப்பெருக்கும் லென்ஸில் பரப்பைப் பாருங்கள். அச்சால் அடித்த காசில் எழுத்தின் கரை கூர்மையாக எழும், வார்த்ததில் சோப்புக்கட்டி தேய்ந்த மாதிரி மழுங்கி, ஊசிமுனைக் குமிழிகள் தெரியும். இதே காசுக்கு அச்சு அசலாக, அடி விலகியதுகூட அதே இடத்தில் உள்ள இன்னொரு காசு கிடைத்தால் இரண்டுமே போலி என்று வைத்துக்கொள்ளலாம். கையால் சம்மட்டி அடித்தவன் ஒரே மாதிரி இரண்டு தடவை அடிக்க மாட்டான்.

என்னைக் கேட்டால் போலியைவிட மோசமானது செதுக்கல். அசல் காசுதான், தேய்ந்து போயிருக்கும். யாரோ ஊசி போன்ற உளியால் முடியையும் கண்ணையும் புதிதாகச் செதுக்கி, சுற்றுப்புறத்தை வழவழப்பாக்கி, நிறம் பூசி இருமடங்கு விலைக்கு விற்பார்கள். வெண்கலத்தில் இது மிகவும் பரவலான நோய். தலைமுடி மட்டும் நேற்று வாரிய மாதிரி இருந்து மூக்கு தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். தேய்மானம் மேடான இடத்தில் முதலில் வரும், அது இயற்கை. பூசிய பச்சையாக இருந்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சில் பல சமயம் நிறம் இறங்கும். இயற்கைக் களிம்பு அசிட்டோனுக்கு அசையாது.

களிம்பு என்று இதுவரை புகழ்ந்தேன், அதில் ஒரு கெட்ட ரகமும் உண்டு, கடலோரத்தில் இருந்தால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். நல்ல களிம்பு கெட்டியாக, கருமையாக அல்லது அடர்பச்சையாக இருக்கும். வெளிர்பச்சையில் மாவு மாதிரி, குண்டூசியால் தொட்டால் உதிர்வது போல் புள்ளி வந்தால் அது வெண்கல நோய். மண்ணில் இருந்தபோது காசுக்குள் புகுந்த குளோரைடு, காற்றில் ஈரம் ஏறும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து அமிலமாகி, செம்பைத் தின்று, மறுபடி அமிலமாகும். தானாக நிற்காது. ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு என் பெட்டியைத் திறந்தபோது டாலமி காசு ஒன்றில் கழுகின் இறக்கை பொடியாகக் கிடந்தது. அப்படிக் கண்டால் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, பொடியை மரக்குச்சியால் சுரண்டி, காய்ச்சி வடித்த நீரில் 5 சதவீதம் சோடியம் செஸ்குவிகார்பனேட் கலந்த கரைசலில் வாரக்கணக்கில் ஊற வையுங்கள், கரைசலை அவ்வப்போது மாற்றுங்கள். பிறகு வடிநீரில் அலசி, நன்றாக உலர்த்தி, மெழுகு பூசி, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மெத்தென்று வளையும் பிவிசி உறையில் வைக்காதீர்கள், அது நாளடைவில் பச்சைப் பிசினாகக் கசியும்.

நோய் இல்லாத காசுக்குச் சுத்தம் என்றால் வடிநீரில் சில நாள் ஊறவைத்து மரக்குச்சியால் மண்ணை எடுப்பது மட்டும்தான். நீங்கள் வாங்கியதுக்கு அதுகூடத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

சரி, சேர்ப்பதற்கு எங்கே தொடங்குவது? எல்லாவற்றிலும் ஒன்று என்று போனால் கடைசியில் ஒரு டப்பா பச்சைச் சில்லறைதான் மிஞ்சும். குறுகலாக ஒன்றைப் பிடியுங்கள். நான் முதலில் சொல்வது சிராகூஸின் இரண்டாம் ஹியரோன். கி.மு. 215 வரை ஆண்டவர், ஆர்க்கிமிடீஸ் கிரீடத்தில் கலப்படம் கண்டுபிடித்ததாக நம் பள்ளிப் புத்தகத்தில் வரும் கதையின் அரசர் அவர்தான். முன்பக்கம் பொசைடன், பின்பக்கம் திரிசூலமும் இரண்டு டால்ஃபினும், "ஹியரோனோஸ்" என்ற எழுத்து. நிறையக் கிடைக்கிறது, விலை குறைவு, சூலத்தின் கீழே வரும் எழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கும், அதையே வருடக்கணக்கில் தொடரலாம். ஆர்க்கிமிடீஸ் கடைக்குப் போயிருந்தால் இதைத்தான் நீட்டியிருப்பார் என்ற எண்ணம் எனக்கு இன்னும் சலிக்கவில்லை. இன்னொரு நல்ல களம், கருங்கடல் கரை அரசான பொந்தஸின் ஆறாம் மித்ரிடேட்டஸ் காலத்து அமிசோஸ் நகரம், இன்றைய துருக்கியின் சம்சுன்: பாம்புத்தலை அரக்கி கோர்கோன் ஒரு பக்கம், இறக்கை விரித்த வெற்றித் தெய்வம் நைக்கே மறுபக்கம்.

ஆப்கானிஸ்தானிலும் வடமேற்கு இந்தியாவிலும் ஆண்ட கிரேக்க அரசர்களின் பாக்ட்ரிய, இந்தோ-கிரேக்கக் காசுகள் நமக்கு நெருக்கமானவை. டெமெட்ரியஸின் வெண்கலத்தில் கழுத்தில் மணி கட்டிய யானைத் தலை இருக்கிறது. மெனாண்டர் காசுகளில் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் கரோஷ்டி எழுத்தில் "மகரஜஸ த்ரதரஸ மெனம்த்ரஸ", அதாவது காப்பவரான மகாராஜா மெனாண்டருடையது. மீண்டும் அதே ஆறாம் வேற்றுமை, இரண்டு மொழியில். அழகுக்கு இவற்றை மிஞ்ச ஆளில்லை, ஆனால் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் திருட்டுத்தனமாகத் தோண்டியவை சந்தையில் நிறையப் புழங்குகின்றன. பழைய ஏலச் சீட்டோ சேகரிப்பு வரலாறோ இல்லாமல் இந்தப் பக்கம் போகாதீர்கள். வெண்கலக் காசு சொந்த ஊரைத் தாண்டிப் போகாது என்று சொன்னேன் அல்லவா, அதனால் கிடைத்த இடம்தான் அது பற்றிய முக்கியமான தகவல். தோண்டியவன் முதலில் அழிப்பதும் அதைத்தான்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு புதிர் உண்டு. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் ரோமானியக் காசுகளோடு கிரேக்க, செலூக்கியக் காசுகளும் கிடைத்ததை நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி பதிவு செய்திருக்கிறார். வெள்ளியோ தங்கமோ கடல் தாண்டி வருவது புரிகிறது. சில்லறை எதற்கு வந்தது? மாலுமியின் மடியில் மிஞ்சியதா, பின்னால் யாரோ கொண்டுவந்து போட்டதா? ஆற்று மணலில் பொறுக்கியவற்றுக்கு மண்ணடுக்குச் சாட்சி இல்லை, அதனால் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது.

சட்டம்: இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள், அது எந்த நாட்டுக் காசாக இருந்தாலும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இதன் விளைவைப் பலர் யோசிப்பதில்லை. வெளிநாட்டு ஏலத்தில் வாங்கிய காசு பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்ப வழியில்லை. போலி என்று தெரிந்தால்கூட, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கித்தான் அனுப்ப வேண்டும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மண்ணில் நீங்களே கண்டெடுத்தால் கதை வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் காசுக்குத் திரும்புகிறேன். இன்று இரவு பக்கவாட்டு வெளிச்சத்தில் தடிக்குக் கீழேயும் வில்லுறைக்கு மேலேயும் பாருங்கள். இடியாயுதம், தானியக் கதிர், டால்ஃபின் மாதிரி ஒரு குட்டிச் சின்னம் அங்கே இருக்க வாய்ப்புண்டு. அது தெரிந்தால் 'பெல்லா' தொகுப்பில் எந்த அக்கசாலையில், அதாவது காசடிக்கும் சாலையில், அடித்தது என்பதுவரை போகலாம். தெரியாவிட்டாலும், விளிம்பில் கோடு ஓடாமல் இருந்தால், 3,000 ரூபாய் அநியாய விலை இல்லை.